மூச்சு விட்டது வண்டி!

"ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்..."

அவ்வளவுதான் சத்தம்.

அடுத்த நொடி வண்டிக்கு அடியிலிருந்து ஓர் அலறல்... அதுவும் பாதியிலேயே நின்றுபோனது!

டிரைவர் சீட்டில் இருந்த காஜா முஹ்யித்தீன் கதவைத் திறந்துகொண்டு குதித்தார். முன் சக்கரத்தை ஒட்டி இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கூர்மூக்கு வெள்ளை ஷூ. கார் புரோக்கர் நேசக்குமாருடைய ஷூ!

"யா அல்லாஹ்! இஞ்ஞாசி... ஜாக்கிய எடும் வே! சீக்கிரம்!"

ஒர்க்‌ஷாப் முதலாளி இஞ்ஞாசி ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தார். தூக்கினார்கள். இழுத்தார்கள்.

பிரயோஜனமில்லை. நெஞ்சு நசுங்கி, நேசக்குமார் போயே போய்விட்டான்!

இஞ்ஞாசி உடலைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு காஜாவைப் பார்த்துக் கத்தினார்.

"பாவி மனுசா! சொன்ன மாதிரியே கொன்னுட்டீரே!"



காஜா சொன்னது உண்மைதான். போன வாரம் முத்தையாபுரம் டீக்கடையில், கூட்டத்துக்கு முன்னால், நேசக்குமாரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "இந்தச் சனியன் வண்டிக்கு அடியிலேயே போட்டு ஒன்ன நசுக்குதேனா இல்லையா பாரு!"

எப்படிச் சொல்லாமல் இருப்பார்?

சவூதியில், தம்மாமில் ஓர் அரபி வீட்டில் காலமெல்லாம் டிரைவர் வேலை. ஓட்டியது இதே ரக எஸ்யூவி. சின்னதாக ஒரு முனகல் கேட்டாலும் கம்பெனிக்காரன் வந்து எடுத்துப் போவான். சரிபண்ணித் திருப்பி விடுவான். பில் என்ற ஒன்று காஜாவின் கண்ணில் பட்டதே இல்லை! அந்த வண்டியில் ஒரு நாளாவது முதலாளியாக உட்கார்ந்து காயல்பட்டினத்துத் தெருவில் போக வேண்டும் என்று ஆசை. ஊர் திரும்பினார். நேசக்குமார் அகப்பட்டான். காயல்பட்டினத்து வழக்கப்படி அண்ணனைக் ‘காக்கா’ என்றே கூப்பிட்டான்.

"பெங்களூர் டாக்டர் வண்டி காக்கா! ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு மட்டுந்தான் எடுப்பாரு!"

டாக்டராம்! தூ!

வாங்கிய மாதமே டைமிங் செயின் கடகடத்தது. மனைவி பல்கீஸின் காப்பு பில்லுக்குப் போனது. அடுத்து கியர்பாக்ஸ்... மகள் ஆமிராவின் கல்யாணத்துக்கு வைத்திருந்த நெக்லஸ் போனது. சன்ரூஃப் ஒழுகி சீட்டுக்கு அடியில் பூஞ்சை பூத்தது. உள்ளே உட்கார்ந்தால் நனைந்த கருவாட்டு மூட்டையின் நாற்றம். ஏறும்போதெல்லாம் குமட்டும்.

கடைசியாக ஏர் சஸ்பென்ஷன். இந்த வண்டிக்கு ஸ்பிரிங் கிடையாது. காற்றடைத்த நாலு ரப்பர் பைகள்தான் அதைத் தூக்கி நிறுத்தும். முன் இடது பையில் ஓட்டை. காலையில் எழுந்து பார்த்தால் வண்டி ஒரு பக்கமாகச் சரிந்து படுத்திருக்கும். புதுப் பைக்கு ஒன்றே முக்கால் லட்சம் என்றார் இஞ்ஞாசி. டீக்கடைச் சண்டை அதற்குத்தான். முடிவில் காஜா பாதி, நேசக்குமார் பாதி என்று கொடுத்தார்கள். புதுசு மாட்டியாயிற்று என்று பில்லும் கொடுத்தார் இஞ்ஞாசி.

இன்று காலை வண்டி மறுபடி படுத்துவிட்டது!

"இஞ்ஞாசி பழசத்தான் மாட்டியிருக்கான்!" என்று காஜா ஒர்க்‌ஷாப்புக்கே வந்து கத்த, அங்கே நின்ற நேசக்குமாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்காசும்லா போயிருக்கு காக்கா! வண்டிய முழுசா தூக்குங்க. நானே அடியில போயி பாத்துச் சொல்லுதேன்!"

காஜா பட்டனை அமுக்கினார். வண்டி எழுந்தது. நேசக்குமார் படுத்து உள்ளே நகர்ந்தான்.

ஊரையே ஏமாற்றியவன், வாழ்க்கையில் ஒரே ஒரு பில்லை நம்பினான்!

*

இன்ஸ்பெக்டர் ஜெயஷீலா வண்டிக்குள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"நீங்கதான் உள்ள இருந்தியளா பாய்?"

"ஆமா மேடம்."

"பட்டன அமுக்குனியளா?"

"தூக்குற பட்டனத்தான் அமுக்குனேன். எறக்குற பட்டன தொடவேயில்ல. வல்லாஹி... அல்லாஹ் மேல சத்தியம்!"

"பொய் மேடம்!" இஞ்ஞாசி பாய்ந்து வந்தார். "நான் மாட்டுனது புத்தம்புதுப் பை. தானா எறங்காது. இவருதான் அமுக்கி எறக்குனாரு. எங்கண்ணால பாத்தேன்!"

சொல்லிவிட்டு அழுதார். மூக்கைச் சிந்தினார். சிந்திய கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே கேட்டார்...

"மேடம்... ஒர்க்‌ஷாப்ப பூட்டிருவியளோ? நாலு வண்டி டெலிவரிக்கு நிக்கி..."

பிணம் இன்னும் ஆம்புலன்ஸில்கூட ஏறவில்லை! ஜெயஷீலா முகத்தைச் சுளித்தார்.

கான்ஸ்டபிள் வளன் காஜாவின் தோளில் கை வைத்தார். "ஜீப்புல ஏறும் பாய்."

காஜா ஜீப்பைப் பார்த்தார். நெக்லஸ் போனால் போகட்டும்... கொலைகாரன் மகளை எவன் கட்டுவான்? ஆமிரா!

"கொஞ்சம் பொறுங்க வளன்," என்றார் ஜெயஷீலா. "பாய், வண்டிய மறுபடி முழுசா தூக்குங்க."

காஜா ஸ்டார்ட் செய்தார். டேஷ்போர்டில் இருந்த அத்தனை எச்சரிக்கை விளக்குகளும் எரிந்தன. முக்கி முனகி வண்டி எழுந்து நின்றது.

"ஆஃப் பண்ணிட்டு எறங்குங்க. சாவிய குடுங்க."

சாவியை வாங்கி, கதவைப் பூட்டி, சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டார்.

"இஞ்ஞாசி, பை புதுசுதான?"

"மாதா மேல சத்தியம் மேடம்!"

"தானா எறங்காது?"

"எறங்கவே எறங்காது!"

"நல்லது. உள்ள யாரும் இல்ல. சாவி எங்கிட்ட இருக்கு. அவன் படுத்த எடத்துல நீரு படும்!"

இஞ்ஞாசியின் வாய் திறந்தது. மூடவில்லை.

"என்ன... மேடம்?"

"அடியில போயி, பையில என்ன நம்பர் போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லும். பில்லோட சரிபாக்கணும்."

"இடுப்புப் பிடிப்பு மேடம்... டாக்டர் குனியவே கூடாதுன்னு..."

"வளன்! அண்ணாச்சிக்கு இடுப்பு வலியாம். தூக்கிப் படுக்க வைங்க!"

வளன் ஒரு கையைப் பிடித்ததுதான் தாமதம். இஞ்ஞாசி பக்கத்துத் தூணைக் கட்டிக்கொண்டு அலறினார்.

"வேண்டாம்! வேண்டாம் மேடம்! பழசு! பழைய பைதான்! வெடிப்புல பசையத் தடவி கறுப்பு பாலிஷ் போட்டு விட்டேன்!"

"ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்..."

எல்லோரும் திரும்பினார்கள்.

ஆளில்லாத வண்டி, பூட்டிய வண்டி, இடது பக்கமாகத் தொப்பென்று தரையோடு படுத்தது!

 காஜாவுக்கு வந்தது அழுகையா, சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை.

ஜெயஷீலா இஞ்ஞாசியை நெருங்கினார்.

"அவன் அடியில போகும்போது இங்கனதான நின்னீரு? ‘போகாத’ன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன வே?"

இஞ்ஞாசி தலையைக் குனிந்தார்.

"சொன்னா... பில்லு பொய்னு தெரிஞ்சிரும்லா மேடம்?"



"சீ! மனுசனா நீ?" ஜெயஷீலா தரையில் காறித் துப்பினார். "ஏத்துங்க இவன!"

இடுப்புப் பிடிப்பு எங்கே போனதோ... வளன் ஓங்கிய லத்தியைப் பார்த்து, இஞ்ஞாசி ஒரே தாவலில் ஜீப்புக்குள் இருந்தார்!

ஜெயஷீலா காஜாவிடம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது.

"வீட்டுக்குப் போங்க பாய். எப்பக் கூப்பிட்டாலும் சாட்சி சொல்ல வரணும். ஆனா ஒண்ணு... வண்டிய தர முடியாது. கேஸ் முடியுற வரைக்கும் ஸ்டேஷன்லதான் நிக்கும். எத்தன வருசம் ஆகுமோ, சொல்லுததுக்கில்ல..."

அந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக காஜா முஹ்யித்தீன் வாய்விட்டுச் சிரித்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்! அவசரமே இல்ல மேடம்... சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போங்க!"