யூனுஸ் சொன்ன இடம்

மலாக்காவின் காஜா பேராங்கில் யூனுஸின் வீட்டு வாசலில் நான் சைக்கிளை நிறுத்தியபோது பிற்பகல் மணி நாலைத் தாண்டியிருந்தது. மழைக்கு வானம் கறுத்துக் கிடந்தது.

“சைக்கிளை உள்ள கொண்டாங்க தம்பி. வெளிய விட்டா மணி மட்டும்தான் மிஞ்சும்,” என்றார் ரோஷன் பீவி லாத்தா. யூனுஸின் அக்கா. கோப்பையைக் கையில் கொடுத்தார். “வறுத்த மரவள்ளித் தண்ணி. காப்பின்னு நினைச்சுக் குடிங்க. ஜப்பான்காரன் வந்தப்புறம் எல்லாம் நினைப்புலதானே ஓடுது.”

அவர் ஆள் அனுப்பியும் வராமலிருந்தால் சந்தேகப்படுவாரோ என்றுதான் வந்தேன்.

நானும் யூனுஸும் கெய்ரோவில் ஒரே அறையில் தங்கி அரபு இலக்கியம் படித்தவர்கள். கடைசி ஆண்டில் ஒரு பழைய கவிதைச் சுவடியைச் சரிபார்த்துப் பதிப்பிக்கும் வேலையைப் பேராசிரியர் எங்களுக்குத் தந்தார். ஒருவன் சுவடியிலிருந்து ஒரு வரி வாசிப்பான். மற்றவன் நகலைப் பார்த்து ‘ஸஹீஹ்’, சரி, என்பான். அதைக் கேட்ட பிறகுதான் அடுத்த வரி. சரிபார்த்த வரிக்கு நகல் நோட்டின் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம். விடுமுறைக்கு மலாக்கா வந்தோம். ஜப்பான் சண்டை வந்தது. படிப்பு பாதியில் நின்றது.

எட்டு மாதத்துக்கு முன் ஜப்பான்காரர்கள் யூனுஸைப் பிடித்துப் போனார்கள். அவன் செத்துவிட்டான் என்ற செய்திதான் வந்தது.

“மையத்தைக்கூடக் குடுக்கலையே தம்பி. எங்க பொதச்சானுங்கன்னு தெரிஞ்சா போதும். எடுத்துக் குளிப்பாட்டி, தொழுவச்சு அடக்கிருவேன். வேற ஒண்ணும் கேக்கல.” லாத்தா குரலைத் தாழ்த்தினார். “பத்து நாளா, அஸர் தொழுகை முடிஞ்சதும் அவன் ரூம்புல பேச்சு கேக்குது. அவன் குரல்தான். ஆனா அரபு. ஒரு வரி சொல்றான், நிப்பாட்டுறான். யாரோ பதில் சொல்லணும்போல காத்திருக்கான். எனக்கு அந்தப் பாஷை தெரியுமா? நீங்கதானே கூடப் படிச்சவரு!”

கதவைத் திறந்தார்.

காலி மேசை. காலி நாற்காலி. ஜன்னல் சாத்தியிருந்தும் ஈரமண் வாடை அடித்தது. அதனடியில் ரப்பர் மரத்தின் கித்தாப் பால் புளித்த நாற்றம்.

பள்ளிவாசலில் தொழுதுவிட்டுப் போனவர்களின் பேச்சுச் சத்தம் தெருவில் தேய்ந்து அடங்கியது.

நாற்காலி முனகியது.

யூனுஸ் வாசித்தான்.

பாலைவனக் கவிஞர்கள் பாட்டைத் தொடங்கும்போது, பிரிந்தவர்கள் முன்பு தங்கியிருந்த இடத்தைச் சொல்வார்கள். அதே சந்தத்தில் அவனும் ஓர் இடத்தைச் சொன்னான். எங்கள் சுவடியில் இல்லாத இடம். பழத்தின் பெயர் கொண்ட குன்று, அதனடியில் பால் வடிக்கும் மரங்கள். மலாயில் புக்கிட் என்றால் குன்று, ரம்பாய் ஒரு பழம். புக்கிட் ரம்பாய் கித்தாத் தோட்டம்!

நிறுத்தினான்.

பழக்கத்தில் என் வாய், “ஸஹீஹ்” என்றுவிட்டது.

அடுத்த வரி உடனே வந்தது. ஓடை திரும்பும் இடம். அங்கிருந்து எந்தப் பக்கம், எத்தனையாவது மரம்.

“ஸஹீஹ்.”

மூன்றாவது வரி என் காதருகே கேட்டது.

‘என்னோடு படித்தவன், என் எழுத்தைத் தெரியாது என்றான்.’

என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை.

யூனுஸின் நகல் நோட்டிலிருந்த அந்தச் சின்ன வட்டங்களை ரகசியக் குறிகள் என்று சந்தேகித்துத்தான் அவனைப் பிடித்திருந்தார்கள். நோட்டைப் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். அவன் எதிரே நின்றிருந்தான், உதடு கிழிந்து. பழைய பாட்டு என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். தெரியும் என்றால் என்னையும் உள்ளே போடுவார்களோ என்று பயந்தேன். “ஓதத்தான் தெரியும். அர்த்தம் தெரியாது” என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டேன். இவனும் கெய்ரோவில் படித்தவன் என்று யூனுஸ் காட்டிக்கொடுக்கவில்லை. என்னைப் பார்த்தான், அவ்வளவுதான்.

லாத்தா என் சட்டையைப் பிடித்தார். “புரியுதுல்ல? என்ன சொல்றான்? இருக்கிற எடத்தைச் சொல்றானா?”

சொன்னால் லாத்தா தோண்டுவார். யார் சொன்னது என்று ஜப்பான்காரன் கேட்பான். அரபு தெரியாது என்று கையெழுத்துப் போட்ட நான் மாட்டிக்கொள்வேன்.

“பழைய பாட்டு, லாத்தா. ஒட்டகத்தைப் பத்தி.”

“வெறும் பாட்டுதானா?”

“வெறும் பாட்டுதான்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அன்னிக்கு அவனுங்க உங்களைக் கூப்பிட்டுக் கேட்டப்பவும் வெறும் பாட்டுன்னு இதையேதானே சொன்னீங்க, தம்பி?”

“இதையேதான் சொன்னேன்.”

நாற்காலி பின்னால் நகர்ந்தது. யாரோ எழுந்தாற்போல.

தெங்கேராவில் என் வீட்டுக்கு வந்ததும் மனசு கேட்கவில்லை. பெயர் போடாமல் ஒரு சீட்டு எழுதி லாத்தா வீட்டில் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். புக்கிட் ரம்பாய் என்று எழுதினேன். ஓடையிலிருந்து எந்தப் பக்கம்? எத்தனையாவது மரம்?

நினைவில் இல்லை.

கெய்ரோவிலிருந்து கொண்டுவந்த புத்தகங்களைப் பிரித்தேன். எழுத்துக் கூட்டி வாசிக்க முடிந்தது. ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியவில்லை. நாலு வருஷப் படிப்பு, கழுவிவிட்டதுபோல் போயிருந்தது.

லாத்தா வீட்டில் குரல் நின்றுவிட்டதாம்.

இப்போதெல்லாம் தினமும் மண்வெட்டியோடு புக்கிட் ரம்பாய்க்குப் போகிறேன். ஓடை பத்து இடங்களில் திரும்புகிறது. மரங்கள் ஆயிரக்கணக்கில். தோண்டித் தோண்டிக் கை புண்ணாகிவிட்டது. பொழுது சாயும் நேரத்தில் பொறுக்க முடியாமல், “எங்கடா இருக்கே?” என்று கத்துவேன்.

பின்னாலிருந்து பதில் வரும். தெளிவான அரபு. கோபமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லாக, மறுபடியும் மறுபடியும் சொல்லிக்கொண்டேயிருப்பான்.

எனக்கு ஒன்றும் புரியாது.