அடியில் கிடந்த மேட்

டிசம்பர் எட்டு, பகல் 11.40. பகல் என்று பேர்தான். பின்லாந்தின் வடகோடியில், எங்கள் லாப்லாந்துப் பக்கம் அந்த மாதத்தில் வெளிச்சம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். ஏரிக்கு இறங்கும் சரிவின் முடிவில், ஐலியின் கார் ஒரு பைன் மரத்தில் மோதிக் கிடந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது. வயது அறுபத்தெட்டு.

பின்னால் மரலாரி ஓட்டி வந்த ஓஸ்மோவை சார்ஜண்ட் ஹில்க்கா விசாரித்தாள்.

"பின்னால சிவப்பு விளக்கு எரிஞ்சுகிட்டே இருந்துச்சும்மா. பிரேக்கை மிதிச்சுகிட்டேதான் போயிருக்காங்க. வண்டி நின்னாத்தானே! எஞ்சின் வேற அலறுச்சு."

"சறுக்கிச்சா?"

"இல்லவே இல்லை. ரோட்டுல மணல் போட்டிருக்கே. நேராத்தான் போச்சு."

மிதித்தும் நிற்கவில்லை என்றால் பிரேக்தான் கோளாறு. ஊர் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் தீர்ப்பும் சொல்லிவிட்டது. பதினைந்து நாள் முன்பு அந்தக் காருக்குப் பிரேக் பார்த்தவன் பெர்த்து. ஊருக்கு இருப்பது அந்த ஒரு மெக்கானிக்தான், மூன்று பிள்ளைகளின் தகப்பன். தப்பு அவன் மேல் என்று ஆகிவிட்டால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். ஜெயிலும் உண்டு.

12.30. கார் ஸ்டேஷன் முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. பின்னாலேயே ஐலியின் கணவர் தௌனோவும் வந்தார். கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷம், ஒருநாளும் குரல் உயர்த்திப் பேசாத ஜோடி என்று ஊரே மெச்சிய மனிதர்கள். குளிர் மைனஸ் பதினெட்டு. கிழவர் கோட்டுக்குப் பொத்தான்கூடப் போடவில்லை.

"அவ கைப்பையை எடுத்துக்கட்டுமாம்மா?"

"எடுத்துக்கோங்க அண்ணே."

சட்டப்படி கூடாதுதான். ஆனால் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர் அவள் உட்கார்ந்த இடத்தைப் பார்க்கும்போது பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பதா? ஹில்க்கா முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். தௌனோ திரும்பி வந்தபோது கையில் பை இருந்தது. கோட்டுக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். இப்போதாவது குளிர் உறைத்ததே பாவம், என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் காருக்குள் படம் எடுத்தார்கள். ஓட்டுபவர் காலடியில் ஒரு ரப்பர் மேட், சுருண்டு, தண்ணீரும் மணலுமாக. வேறொன்றும் இல்லை.

3.00. பெர்த்துவை உட்கார வைத்துக் கேட்டாள்.

"பிரேக்ல என்ன பண்ணே?"

"பேட் மாத்தினேன். ஓட்டிப் பாத்துத்தான் குடுத்தேன்."

"யாரு சாட்சி?"

"என் நாய்."

"நக்கலா?"

"அழக்கூடாதுன்னு பேசுறேன்கா. டயர், பிரேக், கால் மேட்டு வரைக்கும் பாத்துப் பாத்துச் செஞ்சேன். அப்படியிருந்தும்..."

"மேட்டைக் கேக்கல. பிரேக்கைக் கேக்குறேன்."

பெர்த்து வாயை மூடிக்கொண்டான். அந்த ஒரு வார்த்தைக்காக ஹில்க்கா பிற்பாடு தன்னைத்தானே எத்தனை தடவை திட்டிக்கொண்டாள் என்பதற்குக் கணக்கே இல்லை.

மறுநாள் 10.20. வாகனச் சோதனை அதிகாரி போனில் பேசினார். பிரேக் கருகியிருக்கிறதாம். மிதித்துக் கருகியதா, சரியாக மாட்டாமல் உரசிக் கருகியதா என்று சொல்லப் பத்து நாள் ஆகுமாம். பத்து நாள்! அன்று காலையிலேயே இரண்டு பேர் பெர்த்துவின் பட்டறையிலிருந்து வண்டியைத் திரும்ப எடுத்துப் போய்விட்டார்கள்.

11.00. ஹில்க்கா தௌனோவின் வீட்டுக்குப் போனாள். போலீஸானாலும் சரி, பாதிரியாரானாலும் சரி, எங்கள் ஊரில் பூட்ஸைக் கழற்றாமல் ஒருத்தரும் வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. வெளித் தாழ்வாரத்தில் கழற்றினாள். பலகைத் தரை பனிக்கட்டியாக இருந்தது. சுவரோரம் காரின் கோடைக்காலத் துணி மேட்டுகள் நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. கம்பளிக் காலுறையோடு அவற்றின் மேல் ஏறி நின்றாள்.

காலுக்கு மெத்தென்று இருக்க வேண்டாமோ? கல்லாட்டம் இருந்தது. குனிந்து தடவினாள். மேலே கிடந்த மேட் ஈரத்தில் உறைந்து விறைத்திருந்தது. அதில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். அடியில் இருந்த மூன்றும் உலர்ந்து, தூசி படிந்து, குழி எதுவும் இல்லாமல் இருந்தன.

அங்கேயே நின்றபடி பெர்த்துவுக்குப் போன் போட்டாள்.

"நேத்து மேட்டுன்னு ஏதோ சொல்ல வந்தியே?"

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சாக்கா? ரப்பர் மேட்டுக்கு அடியில துணி மேட்டும் கிடந்துச்சு. ரெண்டு இருந்தா மேல உள்ளது நகரும். துணியை எடுத்து டிக்கில போட்டேன். ஐலி அக்காகிட்ட சொல்லிட்டுத்தான் போட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க. 'அவர்கிட்ட சொல்லிடாதே'ன்னாங்க."

ஹில்க்கா உள்ளே போனாள். தௌனோ காபி ஊற்றிக் கொடுத்தார்.

"அந்த ரப்பர் மேட்டை எங்க வாங்கினீங்க அண்ணே?"

"ரொவானியெமி டவுன்ல. அரை நாள் பாத்துப் பொறுக்கினேன். அவ காருக்குன்னே அளவெடுத்துச் செஞ்சது ஒண்ணு இருந்துச்சு, தரைக் கொக்கியில மாட்டறது. விளிம்பு தாழ்வு. பூட்ஸ் பனி உருகினா காலு நனையும். அவளுக்குச் சர்க்கரை, காலு எப்பவும் ஜில்லுன்னு கிடக்கும். அதான் விளிம்பு உசரமானதா, எல்லா வண்டிக்கும் போடறதை எடுத்தேன்."

"அதுல கொக்கிக்கு ஓட்டை கிடையாது. சூடா இருக்கட்டும்னு பழைய மேட்டை எடுக்காம அது மேலேயே விரிச்சீங்க."

தௌனோ கோப்பையைக் கீழே வைத்தார்.

"கொக்கி பிடிச்சது அடி மேட்டை. மேல உள்ளதுக்குப் பிடிப்பே இல்லை. நகந்து போய் ஆக்ஸிலேட்டரை அமுக்கிடுச்சு. அக்கா பிரேக்கை மிதிக்க மிதிக்க எஞ்சின் இழுத்திருக்கு. எஞ்சின் அலறுச்சுன்னு ஓஸ்மோ சொன்னான், நான் காதுலயே வாங்கலை. நேத்து பை எடுக்கப் போனப்ப, அந்த மேட்டைக் கோட்டுக்குள்ள வச்சு எடுத்துட்டு வந்துட்டீங்க. ரப்பர் மேட்டோட அடிக் குமிழ் அதுல அச்சாப் பதிஞ்சிருக்கு. நான் திரும்பி நின்னிருக்கக் கூடாது. தப்புல எனக்கும் பங்கு உண்டு."

"பாத்ததும் புரிஞ்சு போச்சும்மா." குரல் கிசுகிசுப்பாக வந்தது. "அவளை நான்தான் கொன்னேன்னு சொல்ல நாக்கு எழும்பலை."

"பெர்த்து மாட்டிக்குவான்னு தெரியாதா?"

"தெரியும். ராத்திரியெல்லாம் தெரியும்." தலையைத் தூக்கினார். "டயர் மாத்தறப்ப அவனும் பாத்திருப்பானே. ஏன் எடுக்கலை?"

இந்தக் கேள்வி வந்துவிடக்கூடாதே என்றுதான் ஹில்க்கா வேண்டிக்கொண்டிருந்தாள். பொய் சொன்னால் கிழவர் பிழைப்பார், பெர்த்து பிழைக்க மாட்டான்.

"எடுத்தான் அண்ணே. டிக்கில போட்டான்."

"அப்பத் திரும்பப் போட்டது யாரு?"

"அக்காதான். மேட்டை எடுத்திருக்கறதை நீங்க பாத்தா மனசு சங்கடப்படுவீங்கன்னு."

தௌனோ எழுந்தார். வாக்குமூலம் கொடுக்க ஸ்டேஷனுக்கு வருவதாகத் தலையாட்டினார். கோட்டைப் போட்டுக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்து பூட்ஸில் கால் நுழைத்தவர், அந்த மேட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"வேண்டாம்னு என் மூஞ்சியில எறிஞ்சிருக்கலாமே, ஐலி! ஒரே ஒரு தடவை சண்டை போட்டிருக்கலாமேடி!"

அவர் குரல் உயர்ந்து ஹில்க்கா கேட்டது அதுதான் முதல் தடவை.