ஏற்காதவன் பேசினால் கடல் கேட்கும்

மனித குலத்தின் கடைசிச் சுதந்திரக் குரல் என்னுடையது. இதை மிகுந்த தன்னடக்கத்தோடுதான் சொல்கிறேன். திருநெல்வேலியில் இன்னொருவரும் இருந்தார், கொக்கிரகுளத்தில். தம்பி மகளின் காதுகுத்துக்கு வெளிநாட்டிலிருந்தவர்களோடு சேர்ந்து வாழ்த்துச் சொல்ல ஆசைப்பட்டு, போன ஐப்பசியில் அவரும் 'ஏற்கிறேன்' என்று விழுந்துவிட்டார். இப்போது நான் மட்டும்.

காலையில் கல்லூரி கேன்டீனுக்குள் நான் நுழைந்ததும் ஒரு சடங்கு நடக்கும். என்னோடு பேச விரும்புகிறவர்கள் காதிலிருந்து செவிமணியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள். விரும்பாதவர்கள் கழற்ற மாட்டார்கள். தன்னை யாருக்குப் பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது என்று இத்தனை துல்லியமாகத் தெரிந்துகொள்ளும் வசதி நாட்டில் வேறு எவருக்கும் இல்லை. பேராசிரியர்கள் பெரும்பாலும் கழற்றுவதில்லை.

ஜெபசிங் கழற்றுவான். நாகர்கோவில்காரன், என் நண்பன், யார் குரலையும் கேட்ட மாத்திரத்தில் பேசிக் காட்டுகிறவன்.

"லேய் கடல், உனக்காவ இதைக் கழத்திக் கழத்தி என் காது புண்ணாயிட்டு மக்கா."

"தியாகம்னா அப்படித்தான். ரத்தம் வருதா?"

"இல்ல. அரிக்கி."

"அப்ப அது தியாகம் இல்லல. சொறி."

என் பெயர் இசக்கிராஜன். கடல் என்பது பட்டப்பெயர். அதற்குக் காரணம் ஒலியகம்.

செவிமணி காதை முழுதாக அடைத்துக்கொள்ளும். பிறகு வெளியுலகத்தை வடிகட்டி, மொழிபெயர்த்து, இரைச்சல் நீக்கி உள்ளே அனுப்பும். அனுப்புவது ஒலியகம் என்னும் சேவை. ஒரு பெரிய வழக்குக்குப் பிறகு சட்டம் வந்தது: உரிமம் தராதவரின் குரலை ஒலியகம் தொடவே கூடாது, ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்குக் கடத்தவும் கூடாது. ஆகவே ஏற்காதவன் வாயைத் திறந்தால் அந்த இடத்தில் ஒன்றும் கேட்காது. வெறும் மௌனம் வாடிக்கையாளர்களைப் பயமுறுத்தியதால் அங்கே மெல்லிய அலையோசையை வைத்தார்கள். நான் பேசுவது எல்லோருக்கும் திருச்செந்தூர் மாதிரி கேட்கும்.

அந்த உரிமத்துக்கான ஒப்பந்தத்தை நான் முழுதாகப் படித்திருக்கிறேன். ஒரு செமஸ்டர் ஆனது. அந்த செமஸ்டரில் வேறு எதையும் நான் படிக்கவில்லை என்பதற்குக் கல்லூரியில் ஆதாரம் உள்ளது. 'உங்கள் பேச்சின் உடைமை என்றும் உங்களுக்கே' என்று அழகாகத் தொடங்குகிறது. அடுத்த வரியில் அதை உலகெங்கும், என்றென்றும், திருத்தியும் திரித்தும், பிறருக்கு வழங்கியும் பயன்படுத்த ஒலியகத்துக்கு உரிமம். அதாவது பட்டா உங்கள் பெயரில் இருக்கும். வீட்டை அவர்கள் இடித்து, வேறு ஊரில் கட்டி, யாரையும் குடிவைப்பார்கள். பட்டாவை நீங்கள் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

இதைப் பற்றிக் கல்லூரிச் சுவரில் ஒரு கையெழுத்து ஏடு நடத்திவந்தேன். அதில் புகழ்பெற்ற கட்டுரை 'பட்டம் வாங்கிய கைநாட்டுகள்'. படிக்காமல் திரையை விரலால் தள்ளித் தள்ளி, அடியில் வந்ததும் 'படித்தேன், ஏற்கிறேன்' என்று கட்டைவிரலை வைக்கிற முனைவர்களைப் பற்றியது. நம் முன்னோருக்காவது மை ஒட்டியது என்று முடித்திருந்தேன். கல்லூரி முதல்வர் அதை ரசித்ததாகக் கேள்வி. கிழித்தது அவர்தான்.

இத்தனை கோபத்துக்கு வீட்டில் ஒரு காரணம் இருந்தது. என் அம்மா செண்பகவல்லி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தாள். மைக்கை மாற்றிய அன்று திரை ஏதோ சம்மதம் கேட்டது, அழுத்தினாள். அதன் பிறகு அவள் குரல் தனியாக வேலைக்குப் போகத் தொடங்கியது. இன்றைக்கும் தென்காசி வண்டி எந்த நடைமேடையில் நிற்கும் என்று அம்மாதான் சொல்கிறாள். யாரோ ஒரு பயணி சொன்னார், மலேசியாவில் ஒரு மின்தூக்கியிலும் அவள்தான் கதவைத் திறக்கிறாளாம். அம்மா வீட்டில் இருந்தாள்.

கூம்பு ஒலிபெருக்கிக்குக் கீழே பல வருடம் உட்கார்ந்ததில் அவள் காதும் போனது. நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது முழுதாக நின்றுவிட்டது. வீட்டில் ஒரு சிலேட்டு வந்தது. நான் எழுதுவேன், அம்மா வாயால் பதில் சொல்வாள். என் நகைச்சுவைக்கு அவள் சிரிக்கும்போது நான் அடுத்த வரியில் கோபமாக இருப்பேன்.

இந்த வருடம் பாளையங்கோட்டையில் அவளுக்கு உள்செவி பொருத்தினார்கள். மண்டைக்குள் வைப்பது, கழற்ற முடியாது. கட்டுப் பிரித்த அன்று ஜெபசிங்கும் வந்திருந்தான். மின்விசிறி, காக்கை, செவிலியரின் செருப்பு என்று ஒவ்வொன்றையும் அம்மா கையை நீட்டிக் காட்டிக் காட்டிக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏல, பேசேன்."

பேசினேன். என்ன பேசினேன் என்பது நினைவில்லை.

அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். முகத்தில் ஒரு குழப்பம். "ஏ ராஜா, கடல் கேக்குல்லா."

உள்செவியை இயக்குவதும் ஒலியகம்தான். மனித குலத்தின் கடைசிச் சுதந்திரக் குரலுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

சிலேட்டை எடுத்து விவரம் எழுதினேன். படித்துவிட்டு அவள் சிலேட்டைத் திருப்பிக் கொடுத்தாள். "அதுக்காவ அதை அமுக்கிராத. நான் அமுக்கி என்னாச்சுன்னு தெரியும்லா. உன் கொள்கையை நீ வச்சுக்க. எனக்கு எழுத்துப் பழகிட்டு."

நான் பெருமையோடு தலையாட்டினேன். கொள்கை உள்ள குடும்பம்.

அடுத்த ஞாயிறு ஜெபசிங் சாப்பிட வந்தான். அம்மா தோசை வார்த்துக்கொண்டே அவனிடம் கேட்டாள்.

"இவன் குரல் இப்ப எப்படிப்பா இருக்கு? எனக்குக் கேக்கையில கீச்சுன்னு இருந்துச்சு. பெறவு உடைஞ்சிருக்கும்லா?"

"உடைஞ்சிட்டும்மா. இன்னும் ஒட்டல."

"விளையாடாத. அவுக அப்பா மாதிரியா? அவுகளுக்குக் கனத்த குரலு. போன பெறவு அதைக் கேக்க வழியில்லாமப் போச்சு."

ஜெபசிங் என்னைப் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு என் குரலில் தொடங்கினான்: "மனித குலத்தின் கடைசிச் சுதந்திரக் குரல் என்னுடையது. இதைத் தன்னடக்கத்தோடுதான் சொல்கிறேன்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நின்றதும் கண்ணைத் துடைத்தாள். "இதுவா? இப்படியா இருக்கு? இன்னும் கொஞ்சம் பேசுப்பா."

அவன் பேசினான். என் இழுப்பு, என் இருமல், நான் மூச்சுவிடும் இடம். ஆனால் எல்லாவற்றையும் கொஞ்சம் கூட்டி. மிமிக்ரி என்றால் அப்படித்தான். எனக்கு மூக்கால் பேசும் பழக்கம் கிடையாது.

"போதும் நிறுத்துல," என்றேன். அம்மாவுக்கு ஒரு சிற்றலை கேட்டிருக்கும்.

வாசல் வரை வந்தபோது செவிமணியைக் கழற்றிக்கொண்டு சொன்னான், "கோவப்படாத மக்கா. ஒண்ணு யோசிச்சியா? நான் ஏத்துக்கிட்டவன். நான் பேசுனதுல்லாம் ஒலியகத்துக்குப் போயிட்டு. இப்ப உன் குரலு அங்க இருக்கு. என் பேருல."

"உடைமை?"

"எனக்குத்தான்," என்றான், உண்மையான வருத்தத்தோடு.

பட்டாவும் போய்விட்டது.

உள்ளே வந்தேன். அம்மா அடுப்படியில் முதுகு காட்டி நின்று, தனக்குள் 'தன்னடக்கத்தோடுதான்' என்று மூக்கால் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. மகனின் குரல் தெரிந்துவிட்ட நிறைவு.

அது என் குரல் இல்லை என்று சிலேட்டில் எழுதலாம். எழுதினேன். அழித்தேன். என் குரல் எப்படி இருக்கும் என்பதை எந்த எழுத்தில் எழுதுவது?

மேசையில் அம்மாவின் கைபேசி கிடந்தது. கட்டுப் பிரித்த நாளிலிருந்து அது கேட்டுக்கொண்டே இருந்தது: 'ஏற்காத குரல் ஒன்று அருகில் உள்ளது. சேர்க்கவா?' தொட்டேன். ஒப்பந்தம் விரிந்தது. புதிய பதிப்பு, நான் படித்ததைவிட நீளம். 'உங்கள் பேச்சின் உடைமை என்றும் உங்களுக்கே' என்ற முதல் வரியைப் படித்தேன். இரண்டாவது வரியில் ஏதோ மாற்றியிருந்தார்கள். என்னவென்று பார்ப்பதற்குள் அம்மா அடுத்த தோசைக்கு மாவை ஊற்றும் சத்தம் கேட்டது.

திரையை விரலால் தள்ளினேன். தள்ளித் தள்ளி அடிக்குப் போனேன். 'படித்தேன்' என்ற கட்டத்தை நிரப்பி, கட்டைவிரலை வைத்தேன். மை ஒட்டவில்லை.

சொல்வதற்கு மகத்தான வாக்கியங்கள் சில என்னிடம் தயாராக இருந்தன. தோசைக்கல்லைப் பார்த்தேன்.

"அம்மா, தோசை கருகுது."

அம்மா திரும்பவில்லை. கரண்டி கையில் அப்படியே நின்றது. முதுகைக் காட்டியபடியே கேட்டாள். "இன்னொரு தரம் சொல்லு."

"தோசை கருகுதும்மா."

"ம். இன்னொரு தரம்."

தோசை கருகிக் கரியாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அடுப்பை அணைக்கவில்லை. இனி எந்த ஊர் அடுப்படியில் என் குரலை எதற்கு எச்சரிக்க வைப்பார்களோ, தெரியவில்லை. உடைமை என்னுடையதுதான்.