மடிப்பறையில் ஒரு சிரிப்பு

புதியவள் வேலைக்குச் சேர்ந்த காலையில் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வழக்கம்போல் நீராவி மண்டிக் கிடந்தது. நான் இஸ்திரி மேசையில் நின்றிருந்தேன். மேற்பார்வையாளர் அவளைத் துணி மடிக்கும் அறைக்கு அனுப்பினார். நாங்கள் நாலு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆறு மாதமாக அந்த அறையில் எங்களில் யாரும் தனியாக நின்றதில்லை.

மத்தியானம் அவள் என்னிடம் வந்தாள். முகம் சுண்டியிருந்தது.

"என்னைப் பாத்தா அப்படி என்னக்கா சிரிப்பு உங்களுக்கு? நான் கதவைத் திறந்தா மட்டும் நிறுத்திடறீங்க."

நாங்கள் சிரிக்கவே இல்லை.

இனி மறைக்க முடியாது என்று நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவளுக்கு முன் அங்கே இருந்தவளுக்குத் திக்குவாய். அவள் வாய் திறந்தாலே எங்களுக்குக் கொண்டாட்டம்; வயிறு வலிக்கச் சிரிப்போம். பாவம், சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு மடிப்பறைக்கே போய்விடுவாள். ஒருநாள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "அ... அ... அக்..." என்றாள். நாங்கள் இன்னும் பலமாகச் சிரித்தோம். அரைமணி கழித்துப் போய்ப் பார்த்தால், வெள்ளைத் துணிக் குவியலில் நெஞ்சைப் பிடித்தபடி கிடந்தாள். உயிர் இல்லை.

கேட்டதும் புதியவள் அலறியடித்து ஓடுவாள் என்று நினைத்தேன். அவளோ தன் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு மடிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து எங்களோடு அவள் உட்காரவில்லை. உள்ளே அவள் பேசுவது கேட்கும். நடுநடுவே நீண்ட மௌனம். யாரோ ஒரு வார்த்தையைச் சொல்லி முடிக்கட்டும் என்று பொறுமையாகக் காத்திருப்பதுபோல.

பிறகு சிரிப்பு.

இரண்டு பேருடைய சிரிப்பு.

நேற்று வார்டில் அவசரமாகத் துணி கேட்டார்கள். மற்ற மூவரும் நகரவில்லை. நான்தான் போனேன். கதவிடுக்கில் ஈரத்துணியின் முடைநாற்றம். தள்ளினேன்.

சிரிப்பு நின்றது.

புதியவள் கட்டில் விரிப்பு ஒன்றை மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஆள் பிடித்தால்தான் மடியும் விரிப்பு அது. ஒரு பக்கம் அவள் கையில். மறுபக்கம் எதிரே, ஆளில்லாத இடத்தில், தோள் உயரத்தில் இழுபட்டு நின்றது.

"என்ன வேணும்?" என்றாள்.

"து... து... துணி..." என்றேன்.

அவள் தலையை அந்தப் பக்கம் சாய்த்து எதையோ காதுகொடுத்துக் கேட்டாள். என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எதிரே, விரிப்பின் மறுபக்கமும் குலுங்கியது.