மூன்றாம் நாள் அழுகை

"அப்பா, இட்லி ஆறுது," என்றது பெட்டி.

ஒன்பதாம் தளம் வந்துவிட்டதாகச் சற்குணம் ஒரு கணம் நினைத்துக்கொண்டார். தினமும் நினைப்பதுதான். மகள் பூங்கோதை மனத்தில் நினைப்பதைச் சத்தமாகச் சொல்லும் அந்தப் பெட்டிக்கும் அடுக்ககத்து லிஃப்ட்டுக்கும் ஒரே பெண்ணின் குரல். மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி.

ஊரே மனவலையில் பேசிக்கொள்கிறது. வாய் சாப்பிடவும் கொட்டாவி விடவும்தான். பக்கவாதம் வந்து சற்குணத்தின் பார்வையையும் மூளையில் பதித்திருந்த மனவலை ஏற்பியையும் ஒரே நாளில் வாரிக்கொண்டு போனபின் அவருக்கு மிச்சம் காது மட்டும். பெற்ற மகள் லிஃப்ட்டாகிவிட்டாள்.

"உன் குரல்ல ஒரே ஒரு தடவை அப்பான்னு கூப்பிடும்மா."

"எனக்கு ஏதுப்பா குரல்?" என்றது பெட்டி, மாடி எண் சொல்லும் அதே உற்சாகத்தோடு.

குரல் மருத்துவர் ரெஜினாவிடம் போனார்கள். ஊரில் இன்னும் வாயால் பேசிச் சம்பாதிக்கும் ஒருசிலரில் அவரும் ஒருவர். பூங்கோதையின் தொண்டைக்குள் கேமராவை விட்டுப் பார்த்தார்.

"பிறக்கும்போது குரல்மடிப்பு ஒரே படலமாத்தான் இருக்கும் சார். அழுது, கத்தி, சிரிச்சு, அதிர்ந்து அதிர்ந்துதான் அடுக்கடுக்கா பிரிஞ்சு முதிரும். உங்க பொண்ணுக்கு இருபத்திரண்டு வயசு. அவ குரல்மடிப்பு இன்னும் பிரசவ வார்டை விட்டே வெளிய வரல. அமைதிப்பட்டை எப்போ கட்டினீங்க?"

"மூணாம் நாள்."

அப்போது சற்குணம் அடுக்ககச் சங்கச் செயலாளர். பசியையும் ஈரத்தையும் பிள்ளை அழுவதற்கு முன்பே கண்டுபிடித்துச் சொல்லி, மீறி எழும் சத்தத்தையும் அடக்கிவிடும் அந்தக் கழுத்துப்பட்டையைக் கட்டாயமாக்கியதே அவர்தான். 'அழுகையில்லா அடுக்ககம்' கேடயம் மூன்று வருடம் தொடர்ந்து கிடைத்தது. வரவேற்பறையில் இன்றும் இருக்கிறது. வாரம் ஒருமுறை துடைக்கிறார்கள்.

"பேச்சு வரும்னு பொய் சொல்ல மாட்டேன்," என்றார் ரெஜினா. "பழகினா ஒரு சத்தம் வரலாம்."

ஒரு மாதம் பூங்கோதை குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பழகினாள். பிறகு ஒரு காலையில் பெட்டி பேசவில்லை. அவள் அவருடைய கையை எடுத்துத் தன் தொண்டைமேல் வைத்துக்கொண்டாள். தோல் நடுங்கியது.

"ங்ஙாஆ..."

மெலிந்து, நடுவில் உடைந்து வந்தது. 'அப்பா' அதில் எங்கும் இல்லை. ஆனால் சற்குணத்துக்கு அது தெரிந்த சத்தம். மூன்றாம் நாள் பட்டையின் கொக்கியை அவர் மாட்டியபோது பாதியில் நின்றுபோன அழுகை.

சுவரிலிருந்த அழுகையுணரி விழித்துக்கொண்டது. "ஒலி வரம்பு மீறல். அருள்கூர்ந்து குழந்தையை அமைதிப்படுத்தவும்," என்றது லிஃப்ட்டின் குரல். அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தவரும் அவர்தான்.

விரல்களுக்கடியில் நடுக்கம் சட்டென்று நின்றது.

"நிறுத்தாதம்மா," என்றார் சற்குணம். கை அவள் கழுத்திலேயே இருந்தது. "அழு. நல்லா அழு. இந்தத் தடவை அப்பா எதையும் கட்ட மாட்டேன்."