கேட்பாரற்ற ஜட்கா

குதிரை பூட்டாத ஜட்கா என்றால் முன்னால் நீளும் ஏர்க்கால்கள் இரண்டும் தரையில் கிடக்க வேண்டும். அன்று சாயங்காலம் ராயபுரம் கொட்டகையில் மஜீதின் ஜட்காவுக்கு மட்டும் அவை இடுப்பளவு உயரத்தில், பிடிமானம் எதுவும் இல்லாமல் நின்றன. கொட்டகைக்காரன் தண்டபாணி பார்த்தான். அச்சு துருவேறி இறுகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு காறித் துப்பினான்.

சாலையில் அநாதையாக நிற்கும் வண்டிகளைப் போலீஸ் அவன் கொட்டகையில்தான் கொண்டுவந்து விடும். உடையவன் இடவாடகை கட்டி மீட்கலாம். வராவிட்டால் உடையவனின் தெருவில் தமுக்கடித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதற்கும் வராவிட்டால் வண்டி தண்டபாணிக்குச் சொந்தம். அந்தக் கடைசிச் சங்கதிக்காகவே அந்த மகானுபாவன் தொழில் நடத்தினான். தமுக்குக்காரனுக்குக் கூலி தண்டம் என்று, மத்தியானம் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தகரத்தைத் தட்டி, "மஜீது! வாடகையக் கட்டிட்டு வண்டிய எடுத்துகினு போ!" என்று மூன்று தரம் ஜட்காவைப் பார்த்தே கத்தினான். சட்டம் முடிந்தது. அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மஜீது எங்கே வருவான்? போன மாதம் புயலடித்த அன்று காசிமேட்டுக் கரையில் வண்டி மட்டும் நின்றது. குதிரையையும் அவனையும் கடல் கொண்டுபோயிருந்தது. காலையில்தான் அவன் பெண்சாதி மலிகா வந்து கெஞ்சிவிட்டுப் போயிருந்தாள்.

"வண்டிய வுட்டா எங்கண்ணன் ஓட்டுவாரு மொதலாளி. வாடகைய சவாரியா கழிச்சுடறோம். புள்ளைங்க பட்டினியா கீதுங்க."

"சவாரியா கழிக்கணும்னா உன் புருசனையே வந்து என்னை ஏத்திகினு போகச் சொல்லும்மே!"

அவள் ஜட்காவையே பார்த்தாள். "அவுரு இன்னும் எறங்கவே இல்ல மொதலாளி," என்றாள். பைத்தியம் என்று அவளை விரட்டியடித்தான்.

இப்போது வீட்டுக்குக் கிளம்பலாமென்று திரும்பியபோது, துறைமுகத்துச் சங்கு ஊதி அடங்கியதும், கருவாட்டு நாற்றத்தையும் கரிப்புகையையும் விலக்கிக்கொண்டு, நனைந்த குதிரையின் வாடையும் ஊறிப்போன கொள்ளின் புளிப்பும் அவன் மூக்கில் ஏறின. கூடவே ஒரு சத்தம், தெருவில் ஆளை விலக்க ஜட்காக்காரன் ஓடும் சக்கரத்தில் சாட்டைக்கம்பைக் கொடுப்பானே, அந்தக் கடகடப்பு, மிக மெதுவாக.

சக்கரம் சுற்றவில்லை. சத்தம் மட்டும் வந்தது.

"எவன்டா அது, பேமானி?" என்று அதட்டினான். பயம். அவனுக்கே வெட்கமாக இருந்தது. செத்த ஜட்காக்காரனுக்கா பயப்படுவது?

ஏர்க்கால்களுக்கு நடுவே தரையில் ஓர் ஈரக் குளம்படி. இன்னொன்று. தண்ணீர் சொட்டியது. மேலே எதுவும் இல்லை.

பின்வாங்கினான். கதவு இருக்க வேண்டிய இடத்தில் கால் இடறியது. மரப்படி. ஜட்காவின் பின்படி. எப்போது ஏறினான்? வைக்கோல் மெத்தை அவனுக்கடியில் பிசுபிசுத்தது. வண்டி பின்பக்கம் சாய்ந்தது.

முன்பலகையில் ஒரு முதுகு. கிழிந்த சட்டை. அதிலிருந்து மணல் உதிர்ந்துகொண்டிருந்தது.

"கூப்ட்டீங்க, வந்துட்டேன் மொதலாளி," என்றது குரல், மரியாதையாக. "வாடகைய சவாரியா கழிச்சுடறேன்."

கத்த வாய் திறந்தான். வாய் நிறைய உப்புத்தண்ணீர்.

"பின்பாரமா கீது. முன்னால வாங்க. இன்னும் முன்னால."

வந்தான். வராமல் இருக்க முடியவில்லை. சக்கரம் சுற்றியது. சாத்திய கதவு திறந்துகொண்டது. அங்கே தெரு இல்லை. அலை.

அந்த முதுகு மெல்லத் திரும்பியது. முகம் இருந்த இடத்தில் ஈர மணல். அதில் வாய் மட்டும், மத்தியானம் தண்டபாணி சிரித்த அதே சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தது.