வெள்ளைக் கேபிள்

எலக்ட்ரானிக் பலகையைச் செருகினால் கம்ப்யூட்டர் எழுப்பும் அந்தச் சின்ன டிங்-டொங் கேட்கத்தான் செய்தது. ஆனால் மேஜைமேல் இருந்த லேப்டாப்பிலிருந்து அல்ல. பாதி சாத்தியிருந்த கதவுக்கு அந்தப் பக்கம், தம்பி தூங்கிக்கொண்டிருந்த அறையிலிருந்து.

அவனுடைய போனாக இருக்கும் என்று அக்கா நினைத்தாள். பிறகுதான் அந்தப் போன் தன் முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடப்பதைக் கவனித்தாள். தன் கேபிளைத் தேடி அலுத்துப்போய், சற்றுமுன் அதன் வெள்ளைக் கேபிளைத்தான் உருவி, தீப்பெட்டி அளவே இருந்த மைக்ரோகன்ட்ரோலர் பலகையில் மாட்டியிருந்தாள்.

வெளியே மழை வருவதற்கு முந்தைய மங்கல். நாலரை மணிக்கே அறையில் விளக்குப் போட வேண்டியிருந்தது. மேஜை முழுக்க ஈயப்பற்றின் கருகிய வாடை, அதற்கு மேல் கதவிடுக்கு வழியாக ஊர்ந்து வந்த மருந்து வாடை, இரண்டுக்கும் நடுவே தம்பியின் மூச்சு, கர்ர் என்று இழுத்து, யோசித்து, விட்டுக்கொண்டிருந்தது. நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தான். தூக்கத்தில் பதினைந்து நொடிக்கு மேல் மூச்சு நின்றால் உடனே எழுப்பிவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாடகைக் கருவி வர இன்னும் இரண்டு நாள் ஆகும். நேற்று ராத்திரி முழுக்க கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு ராத்திரி தாங்காது. அதனால்தான் இந்தப் பலகை, மார்பில் கட்ட ஒரு பட்டை, மூச்சு நின்றால் கத்த ஒரு பஸ்ஸர். ஒவ்வொரு மூச்சுக்கும் திரையில் 'மூச்சு' என்று ஒரு வரி விழும்படி எழுதியிருந்தாள்.

"என்னத் தூங்கவிட்டுட்டு உன் பெட்டிய எழுப்பு, போ," என்று சிரித்துவிட்டுத்தான் தம்பி கண்ணை மூடினான்.

பெட்டி எழவில்லை. சாதனப் பட்டியலில் 'அறியப்படாத சாதனம்' என்று ஒரு வரி, பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் கூட வேலை பார்ப்பவனுக்குப் போன் போட்டாள். ஒல்லி என்பதால் அவனுக்குக் குண்டூசி என்றே பேர்.

"மஞ்சள் முக்கோணமா? மலிவு போர்டுக்கா. அதுல இருக்கிற சிப்புக்குத் தனி டிரைவர் சாஃப்ட்வேர் வேணும். லிங்க் அனுப்பறேன், போட்டுட்டு தூங்குங்க. குரலே பேய் மாதிரி இருக்கு."

"உன் மூஞ்சிய விடவாடா?"

இன்ஸ்டால் செய்தாள். கடையில் எல்லோரும் செய்வதுபோல, திரையில் வந்த பெட்டிகளையெல்லாம் படிக்காமலே சரி, சரி என்று தட்டிக்கொண்டே போனாள். கடைசிப் பெட்டியில் ஏதோ பத்து நிமிடம் என்று இருந்தது. அதற்கும் சரி.

மஞ்சள் முக்கோணம் மறைந்தது. அந்த இடத்தில் 'போர்ட் 7' என்று வந்தது. திரையில் வரிகள் விழ ஆரம்பித்தன.

மூச்சு.

மூச்சு.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியில் சாய்ந்தாள். அப்போதுதான் பட்டை கண்ணில் பட்டது. அது சுருட்டியபடி மேஜையிலேயே கிடந்தது. இன்னும் தம்பிக்குக் கட்டவே இல்லை.

மூச்சு.

குண்டூசியை மறுபடி கூப்பிட்டாள். "வரி தானா ஓடுதுடா. பட்டையக் கட்டவே இல்ல."

"எந்தக் கேபிள் போட்டிருக்கீங்க?"

"தம்பி போனோடது. வெள்ளை."

மறுமுனையில் குண்டூசி சிரித்தான். "நான் குடுத்ததா? அது வெறும் சார்ஜ் ஏத்தத்தான்க்கா. உள்ள ரெண்டே கம்பி. அதுல ஒரு எழுத்துகூட வராது. டிரைவரே ஏறியிருக்காதே?"

அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு வரி. உள்ளே ஒரு இழுப்பு. ஒரு வரி; ஒரு இழுப்பு. ஒன்றோடு ஒன்று கச்சிதமாகப் பொருந்தியது. எப்படியோ அவன் மூச்சைத்தான் காட்டுகிறது என்று ஒரு கணம் ஆறுதலாகக்கூட இருந்தது.

பிறகு வரிசை புரிந்தது.

வரிதான் முதலில் விழுந்தது. இழுப்பு அதற்குப் பின்னால் வந்தது.

யோசிக்காமல் கேபிளைப் பிடுங்கினாள்.

வரிகள் நின்றன. உள்ளேயும் நின்றது.

மழையின் முதல் துளிகள் ஜன்னல் தகரத்தில் தட்டின. அது தவிர வீட்டில் ஒரு சத்தமில்லை. ஐந்து. ஆறு. கேபிள் முனை ஓட்டைக்குள் போக மறுத்தது. திருப்பினாள். மறுபடி திருப்பினாள். ஒன்பது. பத்து. உள்ளே போனது.

மூச்சு.

அடுத்த அறையில், தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்கியவனைப்போல் தம்பி இழுத்தான்.

போனைக் காதோடு தோளில் இடுக்கி, லேப்டாப்பையும் பலகையையும் மார்போடு அணைத்துக்கொண்டு, கேபிள் அசையாமல், அடிமேல் அடி வைத்து அவன் கட்டிலுக்குப் போனாள். படுக்கையில் வைத்தாள். அப்போதுதான் பத்து நிமிடம் என்றிருந்த அந்தப் பெட்டி திரையின் நடுவே மறுபடி வந்தது. டிரைவர் வேலை செய்ய கம்ப்யூட்டர் ஒருமுறை அணைந்து எழ வேண்டும். இன்னும் ஒரு நிமிடம். ரத்து செய்ய பொத்தான் இல்லை.

"டேய்... ரீஸ்டார்ட்ட எப்படிடா நிறுத்துறது?"

"ஏன்க்கா நிறுத்தணும்? ஆகட்டும். ஒரு தடவை ஆஃப் ஆகி ஆன் ஆனா எல்லாம் சரியாயிடும்."

"சொல்லுடா!"

"என்னக்கா ஆச்சு? அக்கா?"

போன் தோளிலிருந்து நழுவியது. எல்லா விசைகளையும் அழுத்தினாள். இருபது நொடி. பத்து. தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எழுந்திருடா. கண்ணு, எழுந்திரு." தலை தலையணையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

மூச்சு.

திரை அணைந்தது.

எண்ணினாள். ஐந்து. கன்னத்தில் அறைந்தாள். எட்டு. பன்னிரண்டு. பதினைந்து.

இருபது.

தம்பியின் வாய் திறந்தது. உதடு அசையவில்லை. நாக்கு அசையவில்லை. தொண்டைக்கும் கீழே எங்கிருந்தோ, தெளிவாக, டிங்-டொங்.

லேப்டாப் திரை இன்னும் கறுப்பாகத்தான் இருந்தது. மார்பு அசையவில்லை. ஆனால் அவன் கண்கள் விரியத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தன, இரண்டிலும் ஒவ்வொரு மஞ்சள் முக்கோணம்.